பட்டாலையில் ஒரு வெள்ளிப் பட்டறை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் வேளையில், வெள்ளிக் கலம் செய்யும் ஆங்கிலேயக் குடும்பம் ஒன்றின் வரலாறு எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. சொல்லைத் தட்டிச் செம்மை செய்வோர்க்கும் வெள்ளியைத் தட்டிச் செம்மை செய்வோர்க்கும் பொதுவான ஒரு கவலை உண்டு. தொடங்கியோர் மறைந்த பின்னும் தொழில் நிற்குமா என்பதே அக்கவலை. இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியில், சிப்பிங் கேம்டன் என்னும் சிற்றூரில், பழைய பட்டாலைக் கட்டடம் ஒன்றின் முதல் மாடியில், நூறாண்டுகளுக்கும் மேலாக இவ்வினாவுக்கு விடை எழுதப்பட்டு வருகிறது. அதை எழுதி வருவது ஹார்ட் குடும்பத்தாரின் சுத்தியல்.

அக்குடும்பத்தின் கதை அக்குடும்பத்தில் தொடங்கவில்லை. ஒரு சங்கத்தில் தொடங்குகிறது. 1888ஆம் ஆண்டு, இலண்டனின் கிழக்குப் பகுதியான வொயிட்சேப்பலில், சார்லஸ் ராபர்ட் ஆஷ்பி என்னும் இளைஞர் 'கில்ட் ஆஃப் ஹாண்டிகிராஃப்ட்' என்னும் கைவினைச் சங்கத்தை நிறுவினார். அவர் 1863இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் பயின்றவர், கட்டடக் கலைஞர். ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதியில் கற்றோர் சென்று தங்கிப் பணிபுரிவதற்கென அமைந்த டாயின்பி மன்றத்தில், ரஸ்கினின் நூல்களைப் பயிலும் வகுப்பொன்றை அவர் நடத்தினார். அவ்வகுப்பில் படித்த கருத்து கைக்கு இறங்க வேண்டும் என்று விரும்பியபோது பிறந்ததே அச்சங்கம். தொடக்கத்தில் உறுப்பினர் நால்வர். முதலீடு 50 பவுன். படிப்பு வட்டம் ஒன்று பட்டறையாக மாறியது என்று இதனைச் சுருங்கச் சொல்லலாம்.

ரஸ்கினும் வில்லியம் மாரிஸும் எழுப்பிய கேள்வியே ஆஷ்பியின் கேள்வியும் ஆகும். எந்திரம் பொருளைப் பெருக்கியது. ஆனால் அப்பொருளைச் செய்தவன் என்ன ஆனான்? ஒரு கலத்தின் காதை மட்டும் வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொண்டிருப்பவனுக்குக் கலம் முழுவதும் தன் படைப்பு என்னும் மகிழ்ச்சி எங்கிருந்து வரும்? ஆகவே ஆஷ்பியின் சங்கத்தில் வரைவோனும் செய்வோனும் அருகருகே அமர்ந்தனர். உறுப்பினர்கள் சங்கத்தின் இலாபத்திலும் ஆளுகையிலும் பங்கு பெற்றனர். 1891இல் சங்கம் மைல் எண்டு சாலையிலிருந்த எஸ்ஸெக்ஸ் இல்லத்துக்குக் குடிபெயர்ந்தது. மரவேலை, இரும்புவேலை, வெள்ளிவேலை, நகைவேலை, மீனாக்காரி வேலை என்று அதன் கிளைகள் விரிந்தன.

சங்கத்தின் பத்தாம் ஆண்டு, அதாவது 1898, இவ்வவைக்குச் சிறப்பாகக் குறிப்பிடத் தக்கது. அவ்வாண்டில்தான் சங்கம் வரையறுக்கப்பட்ட கம்பெனியாகப் பதிவு பெற்றது. 1896இல் மாரிஸ் மறைந்த பின் அவருடைய கெல்ம்ஸ்காட் அச்சகத்தின் பொறிகளை வாங்கி, எஸ்ஸெக்ஸ் இல்ல அச்சகம் தொடங்கப்பட்டதும் அவ்வாண்டில்தான். பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலியப் பொற்கொல்லர் பென்வெனூத்தோ செல்லினி தம் தொழில் நுட்பங்களை விளக்கி எழுதிய நூலை ஆஷ்பி ஆங்கிலமாக்கி, தம் பட்டறையின் தொழிலாளர்களை மனத்தில் கொண்டு வெளியிட்டதும் அவ்வாண்டில்தான். ஏடும் சுத்தியலும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் அது. அதனால் இவ்வரலாறு இலக்கிய அன்பர்களுக்கு அயலானதன்று.

இனி, வெள்ளி வேலை என்பது யாது என்று சிறிது காண்போம். தூய வெள்ளி மென்மையானது. அதனால் மட்டும் செய்த கலம் எளிதில் நசுங்கும். ஆகவே ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியும், எஞ்சிய 75 பங்கு பெரும்பாலும் செம்பும் சேர்ந்த கலவையை ஆங்கில வழக்கு தரமான வெள்ளியாக ஏற்றுக்கொண்டது. அக்கலவைத் தகட்டை வட்டமாக வெட்டி, இரும்புப் பட்டடையின் மேல் வைத்து, வட்டம் வட்டமாகச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கிண்ணமாக எழுப்புவர். தட்டத் தட்ட வெள்ளி இறுகும். இறுகிய வெள்ளியை மேலும் தட்டினால் விரிசல் காணும். அந்நிலையில் மங்கிய செந்நிறம் வரும்வரை நெருப்பில் காய்ச்சினால் அது மீண்டும் இளகிக் கொடுக்கும். தட்டுவதும் காய்ச்சுவதும் பலமுறை மாறி மாறி நிகழ்ந்த பின்னரே உருவம் அமையும். இறுதியில் பளபளப்பான முகமுடைய சுத்தியலால் மெல்லத் தட்டிப் பரப்பைச் சமன் செய்வர். எப்போது நிறுத்திக் காய்ச்ச வேண்டும் என்பதைக் கை உணர்ந்து சொல்ல வேண்டும். ஓசை மாறுவதைச் செவி அறிந்து சொல்ல வேண்டும். நூலில் எழுதிவைத்தாலும், ஒருவர் அருகிருந்து ஒருவருக்குக் காட்டினாலன்றி இவ்வறிவு கைவராது.

செய்து முடித்த கலத்தை ஆங்கிலச் சட்டம் அப்படியே விற்பனைக்கு விடுவதில்லை. வெள்ளியின் மாற்றைச் சோதித்து முத்திரையிடும் முறை அந்நாட்டில் 1300ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வழங்கி வருகிறது. செய்தவர் தம் குறியையும் பதிக்க வேண்டும் என்பது 1363இல் வந்தது. ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1478இல் சேர்ந்தது. நடக்கும் சிங்கத்தின் உருவம் 1544இலிருந்து காணப்படுகிறது. இலண்டனுக்கு வெளியேயுள்ள தொழிலாளர்களின் நெடுநாள் குறையைத் தீர்க்கும் வகையில் 1773இல் பர்மிங்காமிலும் ஷெஃபீல்டிலும் சோதனைச் சாலைகள் ஏற்பட்டன. ஒரு கரண்டியைத் திருப்பிப் பார்த்தால், அதைச் செய்தவர் யார், எங்கே எந்த ஆண்டில் சோதிக்கப்பட்டது என்பனவற்றை அறிந்துகொள்ளலாம். யாத்தவர் பெயரும் காலமும் தெரியாமல் நிற்கும் தனிப்பாடல்களோடு மல்லாடும் ஆய்வாளர்க்கு இம்முறையின் அருமை நன்கு விளங்கும்.

1901ஆம் ஆண்டின் இறுதியில் சங்கத்தின் முன் ஒரு முடிவு வைக்கப்பட்டது. எஸ்ஸெக்ஸ் இல்லத்தின் குத்தகை முடிவடையவிருந்தது. இலண்டனிலேயே வேறிடம் தேடுவதா, நாட்டுப்புறம் செல்வதா? உறுப்பினர்கள் வாக்களித்தனர், நாட்டுப்புறமே வென்றது. 1902இல் ஏறத்தாழ 50 தொழிலாளர்களும் அவர்தம் மனைவி மக்களுமாகச் சுமார் 150 பேர் சிப்பிங் கேம்டனுக்குக் குடியேறினர். பெயரின் முதற்பகுதிக்குச் சந்தை என்பது பொருள். இடைக்காலத்தில் ஆட்டு மயிர் வாணிகத்தால் செழித்து, பின் உறங்கிப்போன ஊர் அது. தேன்நிறக் கல்லால் ஆன வீடுகளும், 1627இல் கட்டிய சந்தை மண்டபமும் பழஞ்செல்வத்தின் எச்சங்களாக நின்றன. ஷீப் தெருவில் வெறுமையாகக் கிடந்த பழைய பட்டாலை சங்கத்தின் இருப்பிடமாயிற்று. கீழ்த்தளத்தில் அலுவலகமும் அச்சகமும், நடுத்தளத்தில் வெள்ளி, நகை, மீனாக்காரிப் பட்டறைகளும், மேல்தளத்தில் மரவேலையும் அமைந்தன. ஊரில் நாடகம் நடந்தது, பாட்டு ஒலித்தது, நீச்சல்குளம் தோண்டப்பட்டது, 1904இல் கலை, கைத்தொழில் பள்ளியும் எழுந்தது.

அங்கேதான் ஜார்ஜ் ஹார்ட் வருகிறார். 1882இல் பிறந்த இவர் வெள்ளித்தொழில் செய்யும் மரபில் வந்தவர் அல்லர். இவருடைய மாற்றாந்தந்தை ஓர் இதழாளர். கேம்டனில் சங்கத்தோடு இணைந்து, அத்தொழிலைக் கற்றுத் தேர்ந்தார். இவருடைய உடன்பிறந்தார் வில் ஹார்ட் மரச்சிற்ப வேலைக்காரர். இவர்கள் சங்கத்தின் முன்னணிப் பெயர்கள் அல்ல. விருந்தினர் ஏட்டில் பெயர் பொறித்த அறிஞர்களின் கூட்டத்தில், பட்டறைப் பலகையின் முன் குனிந்திருந்த ஓர் இளைஞரை எவரும் வரலாற்று நாயகராக எண்ணியிருக்க மாட்டார்கள்.

கேம்டன் கனவு ஆறே ஆண்டுகளில் நொறுங்கியது. காரணங்கள் மறைவானவை அல்ல. வாங்குவோர் இலண்டனில் இருந்தனர். பட்டறையோ ஏறத்தாழ 90 மைல் தொலைவில் இருந்தது. இலண்டனில் வேலை மந்தமானால் தொழிலாளி சில வாரங்கள் வேறு பட்டறையில் கூலிக்குப் போய்ப் பிழைத்துத் திரும்புவான். கேம்டனில் அதற்கு வழியில்லை. விற்காத பொருள் குவிந்தது. வங்கிக் கடன் ஏறியது. போட்டியும் வந்தது. இலண்டனின் லிபர்ட்டி நிறுவனம் 1899இலிருந்து 'சிம்ரிக்' என்னும் பெயரில் புதுப்பாணி வெள்ளிப் பொருள்களை விற்கத் தொடங்கியிருந்தது. அவற்றுள் பெரும்பகுதி பர்மிங்காமில் எந்திர உதவியோடு உருவானவை, விலை குறைந்தவை. கைச்சுத்தியல் விட்டுச்செல்லும் சிறு தழும்புகளைக்கூட அச்சில் வார்த்துப் போலி செய்யலாயினர்.

இவ்விடத்தில் கவிஞர்கள் சற்று நின்று எண்ண வேண்டும். கலத்தின் மேனியில் காணும் சுத்தியல் தழும்பு அழகுக்காகச் சேர்க்கப்பட்டதன்று. உழைப்பு நிகழ்ந்ததற்கான சான்று. சான்றே அணியாக மாறும்போது, அதை அணியாக மட்டும் செய்து விற்போர் வருவர். வாங்குவோர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். பாட்டிலும் இதுவே நிகழ்கிறது. ஒருவர் துன்பத்தால் கண்டெடுத்த உடைந்த வரியைப் பத்துப் பேர் பாணியாக எடுத்துக்கொள்கின்றனர். போலியை வசைபாடித் தடுத்தார் எவரும் இலர். ஆஷ்பியும் 1908இல் வெளியிட்ட நூலொன்றில், போட்டி வணிகத்தில் கைத்தொழில் படும் பாட்டை விரிவாக எடுத்துரைத்தார். அந்நூல் நியாயமானது, ஆயினும் கம்பெனியைக் காக்கவில்லை. அதே 1908இல் அது கலைக்கப்பட்டது.

கலைந்தது கம்பெனியே, மக்கள் அனைவரும் கலைந்துவிடவில்லை. சிலர் இலண்டன் திரும்பினர். சிலர் ஊரிலேயே தங்கினர். அமெரிக்கச் சவர்க்கார உற்பத்தியாளரும் கொடையாளருமான ஜோசஃப் ஃபெல்ஸ், அருகிலுள்ள பிராடு கேம்டனில் 70 ஏக்கர் நிலம் வாங்க உதவினார். பாதி நேரம் உழவு, பாதி நேரம் கைத்தொழில் என்று வாழலாம் என்பது திட்டம். அத்திட்டமும் முதல் உலகப் போருக்குப் பின் நிலைக்கவில்லை. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில், பட்டறை அடைபட்டதும் உலை அணைந்துவிடாமல் காத்த கைகளுள் அந்நிலமும் ஒன்று.

தமிழர்க்கு நெருங்கிய பெயரொன்று இவ்வூர் வரலாற்றில் வருவது இந்தக் காலத்தில்தான். கொழும்பில் 1877இல், தமிழரான சர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இலங்கையில் கனிமவள ஆய்வுத் துறையின் தலைவராக இருந்துவிட்டு 1907இல் இங்கிலாந்து திரும்பி, பிராடு கேம்டனில் குடியேறினார். இடிந்து கிடந்த நார்மன் காலக் கோயில் ஒன்றை அவருக்கு வீடாகப் புதுப்பித்துத் தந்தவர் ஆஷ்பி. குமாரசுவாமியின் மனைவி எதெலின் உடன்பிறந்தார் ஃபிரெட் பார்ட்ரிட்ஜ் கேம்டன் சங்கத்தில் நகை செய்தவர். மாரிஸிடமிருந்து ஆஷ்பிக்கு வந்த கையச்சுப் பொறி இப்போது குமாரசுவாமியின் வீட்டுக்கு வந்தது. இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய அவருடைய பெருநூல் அப்பொறியில் 425 படிகளாக அச்சாகி 1908இல் நிறைவுற்றது. அடுத்த ஆண்டு வெளிவந்த இந்தியக் கைவினைஞரைப் பற்றிய அவருடைய நூலுக்கு முன்னுரை எழுதியவர் ஆஷ்பி.

எதெல் அம்மையாரை இங்கே மறத்தல் தகாது. இலங்கைக் கலைஞர்களின் தொழிலை ஒளிப்படம் எடுத்ததில் அவர் பங்கு பெரிது. பிற்காலத்தில் எதெல் மேரே என்னும் பெயரில், இங்கிலாந்தின் கைத்தறி நெசவை மீட்டெடுத்த ஆசிரியராக விளங்கினார். தாவரச் சாயங்களைப் பற்றி 1916இல் நூலும் வெளியிட்டார். உறுப்பினர் பட்டியல் ஆடவர் பெயராலேயே நிறைந்திருந்த ஒரு சங்கத்தின் அருகிலிருந்து, நீடித்து நின்ற இன்னொரு மரபைப் பெண்ணொருவர் கொண்டுசென்றார் என்பது மலரின் வாசகர் மனங்கொள்ளத் தக்கது.

குமாரசுவாமி கண்டி நாட்டில் கண்டது என்ன? அங்குக் கைவினைஞர் அரசர்க்கும் கோயிலுக்கும் ஆற்றும் தொண்டுக்காக நிலம் பெற்றிருந்தனர். தொழில் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. நிலத்தில் வேரூன்றிய தொழிலே நிலைக்கும் என்று அவர் கருதினார். அவர் எழுதிக்கொண்டிருந்த அதே ஊரில், கம்பெனி இழந்த கைவினைஞர் சிலர் நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்தனர் என்பது எண்ணத் தக்க ஒற்றுமை.

ஆயினும் தமிழ் மண்ணில் 'குலத்தொழில்' என்னும் சொல் இன்பம் தருவதன்று. பிறப்பால் ஒருவனைப் பட்டறையில் கட்டிப்போட்ட வரலாறும், பட்டறைக்குள் நுழையவிடாமல் தடுத்த வரலாறும் அச்சொல்லில் உறைந்திருக்கின்றன. குமாரசுவாமியின் எழுத்தில் அவ்வலி போதிய அளவு ஒலிக்கவில்லை என்று கூறுவது அவருக்கு இழுக்காகாது. எனவே ஹார்ட் குடும்பத்தின் மரபை வேறொரு கண்ணால் காண வேண்டும். ஜார்ஜ் ஹார்ட் பிறப்பால் அத்தொழிலுக்கு வந்தவர் அல்லர், விரும்பி வந்தவர். அவருக்குக் கற்பித்தது தந்தையன்று, ஒரு சங்கம். கம்பெனி கலைந்த பின் கோயில்களுக்குரிய கலங்களும், பரிசுக் கோப்பைகளும், வீட்டுப் பாத்திரங்களும் செய்து பட்டறையை நடத்தினார். அவருக்குப் பின் மகன் ஹென்றி, அவருக்குப் பின் பேரன் டேவிட், அதன் பின் நான்காம் தலைமுறை என்று சுத்தியல் கைமாறியது. குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்து கற்றோரும் அப்பலகைகளில் அமர்ந்தனர். குருதி வழியாக அது தொடர்ந்தது உண்மையே. ஆனால் அதன் ஊற்றுக்கண் குருதியன்று, கற்பித்தல்.

ஜார்ஜ் ஹார்ட் 1973இல் மறைந்தார். ஆஷ்பி 1942இலேயே மறைந்துவிட்டார். சங்கத்தின் பிற பட்டறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சங்கத்தின் பொருள்களையும் ஆவணங்களையும் காட்ட 2007இல் கேம்டனில் 'கோர்ட் பார்ன்' என்னும் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஆனால் அருங்காட்சியகத்துக்குப் போகாமல், வேலையிலேயே நிலைத்தது வெள்ளிப் பட்டறை. 1902இல் அமைந்த அதே முதல் மாடியில், பழைய பலகைகளும் பட்டடைகளும் வரிசை வரிசையான சுத்தியல்களும் பயன்பாட்டில் இருக்கின்றன. செய்து முடித்த வேலைகளின் சீட்டுகளைக் கம்பியில் கோத்துக் கோத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கின்றனர்; பல பதிற்றாண்டுகளின் வேலை அங்கே தலைக்கு மேல் தொங்குகிறது. எவரும் ஆவணக் காப்பகம் அமைக்கத் திட்டமிடவில்லை. அன்றன்றைய கணக்கை எறியாமல் வைத்தனர், அதுவே வரலாறாயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து தேர்ந்து தெளிய வேண்டியது ஒன்றே. ஆஷ்பியின் இலட்சியம் இல்லையெனில் அவ்வூரில் வெள்ளிப் பட்டறை தோன்றியிருக்காது. ஆனால் இலட்சியம் தனித்து நின்றபோது தூய வெள்ளியைப் போல மென்மையாக இருந்தது. முதல் நெருக்கடியில் நசுங்கியது. நாள்தோறும் பட்டறைக்கு வருதல், ஒப்புக்கொண்ட வேலையை முடித்தல், கடன்படாமல் சிறிதாக நடத்துதல், அருகிலிருக்கும் இளையவருக்குக் கைப்பிடித்துக் காட்டுதல் ஆகிய செம்புக் கலப்பே அதற்கு வலிமை தந்தது. 75 பங்குதான், ஆனால் அது இல்லாமல் கலம் நில்லாது.

இலக்கிய வட்டங்களின் வரலாறும் இவ்வாறே அமையக் காண்கிறோம். அறிக்கையும் முழக்கமும் மிக்க அமைப்புகள் பல, முதல் தலைமுறையோடு முடிந்துபோயின. மாதந்தோறும் தவறாமல் கூடி, புதிதாக வந்த ஒருவரின் முதிராத பாட்டைப் பொறுமையோடு கேட்டு, எந்த அடியில் ஓசை மாறுகிறது, எங்கே நிறுத்திக் காய்ச்ச வேண்டும் என்று காட்டித் தந்த சிறு கூட்டங்கள் நிலைத்தன. பத்தாண்டு என்பது கைவினைச் சங்கம் அச்சகம் தொடங்கிப் பெருமிதத்தின் உச்சியில் இருந்த வயது. அதற்குப் பின் பத்தாண்டில் அது கலைந்தது. எனவே இவ்விழாவில் எழுப்ப வேண்டிய வினா, எத்தனை நூல் வெளியிட்டோம் என்பதன்று. எத்தனை பேருக்குச் சுத்தியல் பிடிக்கக் கற்பித்தோம் என்பதே. வட்டத்தின் பின்வரிசையில், எவரும் நாயகராக எண்ணாத ஓர் இளைஞரோ இளநங்கையோ இன்று அமர்ந்திருக்கக்கூடும். அவருக்கு இடமும் நேரமும் செவியும் தரும் வட்டம், தன் பெயர் மறைந்தாலும் தன் தொழில் மறையாமல் வாழும்.